பட்டை பார்த்துச் சீவு, தம்பி

பாலிஷ் மெஷின் வாங்கிட்டியாமே! பிளாட்டு முழுக்க அதே பேச்சு. கீழ்மாடி ஆத்தா வந்து விசாரிக்குது, "உங்க பேரன் மாவரைக்கிற மெஷினைத் தூக்கிக்கிட்டு கார் பார்க்குக்குப் போறானே, தோசைக் கடை போடப் போறானா?"ன்னு. அப்படியாவது நாலு வெள்ளி சம்பாதிச்சா நல்லதுதான் ஆத்தான்னு சொல்லி அனுப்பி வச்சேன்.

உட்காரு. தே ஓ ஆறட்டும். மெஷின் எங்கயும் ஓடிடாது, சுவிட்சு போட்டாத்தான் ஓடும்.

அந்தக் கறுப்பு மைவி காடியை நீ வாங்கிட்டு வந்த அன்னைக்கு ஞாபகம் இருக்கா? கதவுல முகம் பாத்துத் தலை சீவுன. இப்ப மத்தியானத்துல பானட்டைப் பாத்தா சூரியனைச் சுத்திச் சிலந்தி வலை பின்னுன மாதிரி கோடு கோடா தெரியுது. "யாரோ பொறாமையில கிழிச்சிட்டாங்க தாத்தா"ன்னு போன வாரம் மூக்கைச் சிந்துன. கிழிச்ச ஆளு யாருன்னு எனக்கு நல்லாத் தெரியும். உங்கம்மாவுக்கு ஒரே புள்ள. உன் சட்டையைத்தான் போட்டுக்கிட்டுத் திரியுறான்.

ஞாயித்துக்கிழமை காலையில நீ காடி கழுவுற அழகை நான் மேல ஜன்னல்லேர்ந்து பாக்குறவன். டிவி நாடகம் தோத்துப் போகும். முதல் காட்சி, கோழி இறகுத் துடைப்பான். காஞ்ச தூசி மேல தண்ணி காட்டாம அதை இழுக்குற. ராஜாவுக்குச் சாமரம் வீசுறதா உனக்கு நெனப்பு. காடி மேல இருக்குறது பவுடர் இல்ல, மணல். ரெண்டாம் காட்சி, ஒரே ஒரு வாளி. அதுல ஒரே ஒரு பஞ்சு. மொதல்ல சக்கரத்தைத் தேய்க்குற. பிரேக் தூள், தார், ரோட்டு மண்ணு எல்லாத்தையும் பஞ்சு குடிச்சுக்குது. அதே பஞ்சை அதே தண்ணியில முக்கி பானட்டுக்கு வர்ற. மூணாம் காட்சி, கெனபோ துணி. அது கையிலேர்ந்து நழுவி சிமெண்டு தரையில விழுது. நீ சுத்திமுத்தும் பாக்குற. யாரும் பாக்கலைன்னு ஆனதும் எடுத்து அப்படியே கதவைத் துடைக்குற. நான் பாத்தேன்டா!

நேரம் இல்லாத வாரம் பட்டணத்துல ஸ்னோ வாஷ்ல விடுற. நுரை பாக்க அழகாத்தான் இருக்கு. நுரைக்கு அப்புறம் அந்தப் பையன் கையில இருக்குற துணி உன் காடிக்கு முன்னால எந்த லோரியைத் துடைச்சதுன்னு என்னைக்காவது கேட்டியா? கேக்க மாட்ட. நீ போன்ல இருப்ப.

இந்தத் தீவைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்க. பினாங்கு அடியில கருங்கல். கொடிமலை மொத்தமும் கிரானைட். அந்தக் கல்லு வெயில்லயும் மழையிலயும் உக்கி உதிர்ந்தா களிமண்ணும் குவார்ட்ஸ் மணலுமாப் பிரியும். கல்லோட கடினத்தை ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் அளக்குறாங்களே, மோஸ் அளவு, அதுல குவார்ட்ஸ் 7. கத்தி இரும்பையே கீறும். உன் காடி மேல பளபளன்னு இருக்குற கிளியர் கோட்டு என்ன, வெறும் பிசின். மலையை வெட்டி வீடு கட்டுற இடத்துலேர்ந்து லோரி இறங்கி வர்றப்ப பின்னால காத்துல பறக்குதே, அந்தத் தூசியத்தான் நீ வாராவாரம் பாசத்தோட காடி மேல தேய்ச்சுத் தேய்ச்சு விடுற. பொறாமைக்காரன் ஒரு தடவை கிழிப்பான். நீ லைசென்ஸ் வாங்கிக்கிட்டு கிழிக்குற.

"நான் வட்டமாத் தேய்ச்சதாலதான் வட்டமா விழுந்துருக்கு, இனிமே நேராத் தேய்க்குறேன்"னு சொல்லாத. இதுல நிறைய பேரு ஏமாந்து போறாங்க. கீறலுங்க எல்லாத் திசையிலயும்தான் கிடக்கு. வெளிச்சத்துக்குக் குறுக்கா இருக்குற கீறல் மட்டும்தான் ஒளியை உன் கண்ணுக்குத் திருப்பி விடும். அதனால சூரியனைச் சுத்தி வட்டம் கட்டுன மாதிரி தெரியும். நீ ரெண்டு அடி நகர்ந்து நின்னா வட்டமும் உன்கூடவே நகர்ந்து வரும். வேணும்னா ராத்திரி பெட்ரோல் ஸ்டேஷன் விளக்குக்குக் கீழ நிறுத்திச் சோதிச்சுப் பாரு. ஆக, நேராத் தேய்ச்சாலும் மணலு மணலுதான். கறுப்புக் காடியில பளிச்சுன்னு தெரியும், வெள்ளி நிறத்துல ஒளிஞ்சுக்கும். கறுப்பு வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னது யாரு, நானா?

சரி, மெஷினுக்கு வருவோம். அதுக்கு முன்னால இந்தக் கையைப் பாரு. நிபோங் திபால் பக்கம் தோட்டத்துல பால்மரம் சீவுன கை. ரிட்லின்னு ஒரு வெள்ளைக்காரர் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு அதிகாரியா இருந்தார். கோடரியால மரத்தைக் கொத்தாம, ஒரே வெட்டை நாளுக்கு நாள் மெல்லிசாச் சீவித் திறந்துக்கிட்டே போற வித்தையை 1890-கள்ல கண்டுபுடிச்சவர் அவர்தான். ரப்பர் போடுங்க, ரப்பர் போடுங்கன்னு தோட்டக்காரங்க பின்னாடியே விதையோட அலைஞ்சதால அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி'ன்னே பேரு. அந்தப் பைத்தியத்தாலதான் உன் பூட்டன் கப்பலேறி இங்க வந்தார், நீ இன்னைக்கு மைவி ஓட்டுற.

விடியக்காலையில விளக்கைக் கட்டிக்கிட்டுப் போவோம். பட்டையில ஒரு வெட்டுக்கு எடுக்குறது ஒண்ணரை மில்லிமீட்டர் கனம்தான். ஆழம் பாத்து நிறுத்தணும். பட்டைக்கு உள்ள உசுரான ஒரு தோல் இருக்கு. அதைக் கத்தி தொட்டா மரத்துக்குக் காயம். அந்த எடத்துல பட்டை முண்டும் முடிச்சுமாத்தான் திரும்ப வளரும். கங்காணி வந்து தடவிப் பாத்தே யாரு சீவுனதுன்னு சொல்லிடுவார். அப்புறம் அவரு வாயிலேர்ந்து வர்றதை உன் காதுல சொல்ல முடியாது, உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல.

உன் காடி பெயிண்டும் அந்தப் பட்டைதான். தகரத்து மேல துரு பிடிக்காம ஒரு பூச்சு, அது மேல பிரைமர், அது மேல கலர், எல்லாத்துக்கும் மேல கிளியர் கோட்டு. எல்லாம் சேர்ந்தே 100-லேர்ந்து 150 மைக்ரான் வரைக்கும்தான். அதுல கிளியர் கோட்டு 40, 50 மைக்ரான் இருந்தா பெருசு. தலைமுடி ஒண்ணு 70 மைக்ரான் கனம். உன் தலையில மிச்சம் இருக்குறதுல ஒண்ணைப் புடுங்கிப் பாத்துக்க, பாத்துப் புடுங்கு.

நீ என்னமோ மெஷின் கீறலை அழிக்கும்னு நெனச்சுக்கிட்டு இருக்க. கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை யாரும் அழிக்க முடியாது. அந்தப் பள்ளத்தோட அடிமட்டம் வரைக்கும் சுத்தி இருக்குற கிளியர் கோட்டைச் சீவி இறக்குறோம், அவ்வளவுதான். மெல்லிசாப் போனா ஒண்ணு ரெண்டு மைக்ரான், முரட்டுத்தனமாப் போனா அதுக்கு மேல. பால்மரத்துல சீவுன பட்டை ஆறேழு வருஷத்துல திரும்ப வளந்துடும். இது வளராது. வெயிலைத் தடுக்குற மருந்தும் அந்தக் கிளியர் கோட்டுக்குள்ளதான் கலந்துருக்கு. அது போயிட்டா கலரை வெயில் தின்னும். ரோட்டுல பாத்திருப்ப, சில பழைய காடிங்க கூரை சொறி பிடிச்சு வெள்ளை வெள்ளையா உரிஞ்சு நிக்கும். அதுக்கு பாலிஷும் கிடையாது, பரிகாரமும் கிடையாது. மறுபடி பெயிண்ட் அடிக்குற தவுக்கேதான் தெய்வம்.

அதனால நகத்தை வச்சுக் கீறல் மேல இழுத்துப் பாரு. நகம் மாட்டுச்சுன்னா அது ஆழம், அதை விட்டுடு. மச்சம்னு நெனச்சுக்க. பறவை எச்சம் வெயில்ல காஞ்சு அரிச்ச குழியும் அப்படித்தான். முன்னெல்லாம் ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகள்ல மேல்மாடி பூரா சாப்பிடுற கூட்டுக்காகக் குருவி வளத்தானுங்க. 2008-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஊர் ஏறுச்சு. அப்புறம் 2013 முடியுறதுக்குள்ள பாரம்பரிய வட்டாரத்துலேர்ந்து குருவி வளக்குறதைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. குருவிக்கு நோட்டீசு போச்சு. காக்காவுக்கும் மைனாவுக்கும் யாரும் நோட்டீசு அனுப்பல. எச்சம் விழுந்தா அன்னைக்கே தண்ணி ஊத்தி ஊறவச்சு எடு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் ராகுகாலம் பாத்துக்கிட்டு இருக்காத.

மெஷின்ல நல்லதாத்தான் வாங்கியிருக்க, அதை ஒத்துக்குறேன். பட்டறைக்காரன் கையில இருக்குறது ஒரே அச்சுல சுத்துறது. வேகமா வெட்டும். ஆனா அரை நிமிஷம் ஓரத்துல நின்னுட்டா சூடேறி பெயிண்டைக் கருக்கிடும். தெரியாதவன் ஓட்டுனா சிலந்தி வலையை எடுத்துட்டு வால்நட்சத்திரம் மாதிரி வரிவரியா விட்டுட்டுப் போவான். உன்னோடது ரெண்டு ஆட்டம் ஆடுது. பேடு தன் அச்சுல சுத்துது, அந்த அச்சே நடுவை விட்டு விலகி ஒரு சின்ன வட்டம் போடுது. அந்த விலகல் 8 மில்லிமீட்டர், 15, 21ன்னு மெஷினுக்கு மெஷின் மாறும். ஒரே தடத்துல திரும்பத் திரும்பப் போகாது, அதனால வரி விழாது. சூடும் குறைச்சல். கத்துக்குட்டிக்குன்னே செஞ்சது, கோவிச்சுக்காத.

அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பேடு சுத்துறது அதோட இஷ்டம், மோட்டார் அதைக் கட்டாயப்படுத்தாது. கோபத்துல அழுத்துன வையி, சுத்துறது நின்னுடும். சும்மா அதே எடத்துல நடுங்கிக்கிட்டு இருக்கும். நீயும் மெஷின் சத்தத்துல வேலை நடக்குதுன்னு வேர்க்க விறுவிறுக்க நிப்ப. நம்ம பக்கத்துல மீட்டிங் அப்படித்தான் நடக்கும், தெரியும்ல. பேடுக்கு மேல இருக்குற தட்டுல மார்க்கர் பேனாவால ஒரு கோடு போட்டுக்க. கோடு சுத்துறது கண்ணுக்குத் தெரிஞ்சா வேலை நடக்குது. நின்னுடுச்சுன்னா கையைத் தளர்த்து, இல்லைன்னா பேடு சாஞ்சு இருக்கான்னு பாரு. வளைவுல பேடு படுக்காம நிக்குறப்பதான் இப்படி ஆகும்.

வேலையை வெயில்ல ஆரம்பிக்காத. இந்த ஊர்ப் பத்து மணி வெயில்ல கறுப்பு பானட்டுல பாலிஷ் காம்பவுண்டு ஊத்துனா வடாமாக் காயும். கீழ பார்க்கிங் நிழல்ல காலையிலேயே ஆரம்பி. நல்லாக் கழுவு. அப்புறம் கிளே கட்டி தேய்ச்சு ஒட்டிக்கிட்டு இருக்குற தாரையும் இரும்புத் துகளையும் எடு. எடுக்காம மெஷினை வச்சா அந்தத் துகளையே பேடுக்கு அடியில வச்சு அரைப்ப, அப்புறம் திரும்பவும் பொறாமைக்காரனைத் தேடுவ. ரப்பர், பிளாஸ்டிக், கூர்மையான ஓரம் எல்லாத்துலயும் டேப்பு ஒட்டு. ஓரத்துலதான் பெயிண்டு எப்பவும் மெல்லிசு.

அப்புறம் என்னமோ நாலு காம்பவுண்டு வாங்கி வரிசையா வச்சிருக்கியே, அதுல முரட்டுத்தனமானதை மொதல்ல எடுக்க உன் கை துறுதுறுக்கும். கையைக் கட்டிப் போடு. இருக்குறதுலேயே மெல்லிசான பாலிஷு, மெத்தையான பேடு, கதவுல ரெண்டடிக்கு ரெண்டடி எடம். அங்க ஒரு தடவை சோதிச்சுப் பாரு. போதலைன்னாத்தான் அடுத்த படி. பேடுல நாலு சொட்டு போதும், பரோட்டாவுக்கு எண்ணெய் ஊத்துற மாதிரி ஊத்தாத. பேடைப் பெயிண்டு மேல வச்சு, வேகத்தை ஒண்ணுல விட்டு மருந்தைப் பரப்பு. அப்புறம் நாலு, அஞ்சுக்கு ஏத்து. மெஷினை மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு சுவிட்சு போட்டியோ, மருந்து உன் சட்டையில, தூண்ல, மேல காயப்போட்ட ஆத்தா கைலியில எல்லாம் இருக்கும், காடியில மட்டும் இருக்காது. குறுக்க ஒரு நடை, நெடுக்க ஒரு நடை, முன்னால போன தடத்துல பாதி மேல ஏறுற மாதிரி. ஆமை வேகம். இந்த வீட்டுல உனக்கு அந்த வேகம் நல்லாவே வரும், அம்மா கடைக்கு அனுப்புறப்ப நான் பாத்துருக்கேன். ரெண்டு மூணு சதுரம் முடிஞ்சதும் பேடை பிரஷ்ஷால சுத்தம் பண்ணு. ஒரே பேடை வச்சு முழுக் காடியும் ஓட்டாத. அடைச்ச பேடு வெட்டாது, சூடுதான் ஏத்தும்.

இப்பதான் கவனிக்கணும். துடைச்ச உடனே கண்ணாடியா மின்னும், நீ போட்டோ புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்புவ. பொறு. பாலிஷ்ல இருக்குற எண்ணெய் கீறலுக்குள்ள நிரம்பி ஒளிஞ்சிருக்கும். சில கடைங்க காடியை இப்படித்தான் முடிச்சுக் குடுக்குறானுங்க. ரெண்டு மழை, நாலு கழுவல், சிலந்தி திரும்ப வந்து உட்காந்துக்கும். ஐசோபுரோப்பில் ஆல்கஹாலைத் தண்ணியில கலந்து துடைச்சுட்டு, போன் விளக்கை அடிச்சுப் பாரு. அப்பவும் இல்லைன்னாத்தான் இல்ல. துடைக்குற மைக்ரோஃபைபர் துணியைப் பாட்டி கண்ணுல படாம வச்சுக்க. போன தடவை அவ அதை எடுத்து அடுப்பு மேடையைத் துடைச்சு, வாசனைக்கு சாஃப்டனர் போட்டுத் துவைச்சு, மடிச்சு உன் அலமாரியில வச்சுட்டா. சாஃப்டனர் போட்டா அந்த நூலு தண்ணியை உறிஞ்சாது. இதை அவகிட்ட நீதான் சொல்லணும், நான் இந்த வீட்டுல மூணு வேளை சாப்பிடணும்.

அப்புறம் கோட்டிங்காரன் வருவான். "9எச், வைரம் மாதிரி, இனி கீறலே விழாது பாஸ்"ம்பான். அந்த 9எச் என்னன்னு கேளு. பென்சில் அளவு அது. பள்ளிக்கூடத்துல 2எச், எச்பின்னு எழுதுனியே, அந்தப் பென்சில். பென்சில் கீறாதுன்னுதான் அர்த்தம், கொடிமலை மணல் கீறாதுன்னு இல்ல. கோட்டிங் போட்டா அழுக்கு லேசாக் கழண்டு வரும், அது நல்லதுதான். ஆனா கோழி இறகுக்கு அது மருந்து கிடையாது. சிலந்தி வலை மேலயே கோட்டிங் போட்டா வலையையும் சேர்த்துப் பத்திரப்படுத்தி வச்ச மாதிரி.

கழுவுற வித்தையை மாத்துனா மெஷினுக்கு வருஷத்துல ஒரு நாள்கூட வேலை இருக்காது. காசு போச்சேன்னு நீ அழுவ, காடி சிரிக்கும். ரெண்டு வாளி வாங்கு. ஒண்ணுல சோப்புத் தண்ணி, ஒண்ணுல அலசுற தண்ணி, அடியில மண்ணு தங்குற மாதிரி ஒரு சல்லடை. கூரைலேர்ந்து கீழ வா, சக்கரத்துக்குத் தனித் துணி, அது கடைசி. தொடுறதுக்கு முன்னால தண்ணியை அடிச்சு மணலை ஓட்டு. துணி கீழ விழுந்தா யாரும் பாக்கலைன்னாலும் அது விழுந்ததுதான். அந்தக் கோழி இறகை எங்கிட்ட குடு, சாமி படத்துக்கு ஆகும்.

நாள் பாத்துச் செய்யணும்னா தைப்பூசத்துக்கு அப்புறம் செய். முன்னால செஞ்சு பளபளன்னு ஆக்கி, தண்ணீர்மலைக்குப் போற ரோட்டுல நிறுத்திட்டு ரதம் பாக்கப் போயிடாத. வெள்ளி ரதம் வரும். 2017-லேர்ந்து வேலைச் சுமந்துக்கிட்டுத் தங்க ரதமும் வருது. வழி நெடுக மூட்டை மூட்டையாத் தேங்காய் குவிச்சு வச்சு உடைப்பாங்க. நம்ம சனம் மட்டும் இல்ல, சீனர்களும் நேந்துக்கிட்டு வந்து உடைப்பாங்க. தேங்காய்ச் சில்லு எந்தக் காடி எந்தக் கோட்டிங்னு கேட்டுக்கிட்டுப் பறக்காது. இளநீர் காஞ்சு பிசுபிசுன்னு ஒட்டும், எறும்பு மொய்க்கும். முருகன் கிட்ட வாரண்டி கேக்க முடியாது. அன்னைக்கு நடந்து வா, எங்கூட.

ஏன் முகத்தை இப்படி வச்சிருக்க? பயந்துட்டியா? புதுக் கறுப்புப் பெயிண்டுல மொதல் கை வைக்க யாருக்கும் நடுங்கும்தான். பழகிக்க ஒரு தகரம் வேணும். பழைய இரும்புக் கடையில போயி ஒடஞ்ச கதவு ஒண்ணு வாங்கலாம். அது எதுக்கு வீண் செலவு?

பின்னால தகரக் கொட்டாயில என் பழைய புரோட்டான் சாகா காடி நிக்குதுல்ல. 1985-ல ஜூலையில சாகா வெளியாச்சு. செப்டம்பர்ல பினாங்குப் பாலத்தைத் திறந்தப்ப பிரதமர் மகாதீர் சாகாவுலதான் கடந்து போனார். அந்தக் காலத்து மோகத்துல வாங்குனது. அதுக்கு இப்ப இருக்குறது பட்டறையில மறுபடி அடிச்ச சிவப்பு. கிளியர் கோட்டே கிடையாது, மேலயிருந்து அடி வரைக்கும் வெறும் கலரு. வெயில்ல வெளுத்து சுண்ணாம்பு பூத்துக் கிடக்கு. அதுல நீ மெஷினை வச்சா பேடுல சிவப்பு ஏறும், பயப்படாத, ரத்தம் இல்ல, பூத்துப் போன தோலுதான் வருது. கொஞ்சம் தப்பாத் தேய்ச்சாலும் தாங்கும். கை அழுத்தம், வேகம், பேடு சுத்துதா நிக்குதான்னு எல்லாம் அதுல நல்லாப் புடிபடும்.

பானட்டுல ஆரம்பி. அது பழகுனதும் கூரை. கூரை வந்துட்டா நாலு கதவு. பின்னால பூட் மூடியையும் விட்டுடாத, ஒரு பக்கம் மட்டும் மின்னுனா பாக்க நல்லாருக்காது. இந்த வாரம் முடியலைன்னாலும் பரவாயில்ல, அடுத்த மாசம் உன் சித்தப்பா மக கல்யாணத்துக்குப் பட்டர்வொர்த்துக்கு அதுலதான் போறோம், அதுக்குள்ள முடிச்சா போதும். காம்பவுண்டு நாலு பாட்டிலையும் எடுத்துக்க, என்கிட்ட ஒண்ணும் இல்ல. டேப்பும் நீயே கொண்டாந்துடு. தே ஓ மட்டும் நான் போட்டுத் தர்றேன்.